எழுந்திருக்காதவன் மலை

வெய் ஜின்மே தெப்பக் கழியைக் கையில் எடுத்தது மூன்று நாளைக்கு என்றுதான். புருஷன் லியாவ் தாகுவேய்க்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. யூலோங் ஆற்றுத் துறையில் அவனுடைய முறை தவறிப்போகக் கூடாதே என்று இவள் போனாள். அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. இடுப்பு நாலாம் நாளே சரியாகிவிட்டது. கழிதான் அவனிடம் திரும்பிப் போகவில்லை. அந்தத் துறையில் தெப்பம் தள்ளுகிற நாற்பது பேரில் பெண் இவள் ஒருத்திதான். ஆள் குள்ளம், குரல் மட்டும் இரண்டு தடுப்பணை தாண்டிக் கேட்கும்.

வருகிற பயணிகளுக்குத் தண்ணீர் போதாது, மூங்கில் தோப்பும் போதாது, மலைக்கு மலை கதை வேண்டும். அந்தப் பக்கத்தில் மலைக்கா பஞ்சம்? வயல் நடுவில் ஒன்று, பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒன்று, பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் ஒன்று என்று, யாரையும் கேட்காமல் வந்து நின்றுவிட்டவை மாதிரி சுண்ணாம்புப் பாறை மலைகள். பெரிய ஆற்றுப் பக்கம் ஒரு மலையில் ஒன்பது குதிரை தெரியும். ஒன்பதையும் எண்ணிவிட்டவன் தேர்வில் முதலாவதாக வருவான் என்பார்கள். ஜின்மேயின் தெப்பம் போகிற வழியில் இருந்த பெரிய மலைக்கோ பெயரே கிடையாது. கூன் போட்டு உட்கார்ந்த ஆள் மாதிரி இருக்கும். "இது என்ன மலை?" என்று கேட்டால், "மலைதான்" என்பாள். பயணிகள் முகம் தொங்கிப்போகும்.

ஐந்தாம் மாதத்து மழையில் ஒருநாள் அவள் வீட்டு அடுப்படியில் ஒழுகத் தொடங்கியது. கூரையில் நாலு ஓடு நகர்ந்திருந்தது. தாகுவேய் வாசலில் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"யோவ், அந்த ஓட்டைக் கொஞ்சம் சரிபண்ணக் கூடாதா?"

"இந்த ஒரு வாய் குடிச்சிட்டு எந்திரிக்கறேன்."

பதினோரு நாள் இதே கேள்வி, இதே பதில். பன்னிரண்டாம் நாள் காலையில் முட்டைப் பொரியலில் கூரைத் தண்ணீர் சொட்டியது. அவள் சட்டியை அப்படியே வைத்துவிட்டுத் துறைக்குப் போனாள். அன்றைக்கு ஏறியது லியூசோவிலிருந்து வந்த இரண்டு பெண்கள். ஒருத்தி செவிலி, இன்னொருத்தி அவளுடைய நாத்தனார். மலை அருகே வந்ததும் செவிலி, "அக்கா, இதுக்கு ஏதாவது கதை இருக்கா?" என்றாள்.

"இல்லாம?" என்றாள் ஜின்மே. அந்த நொடி வரைக்கும் அவளுக்கே தெரியாது.

"அந்தக் காலத்துல ஆகுவேய்னு ஒருத்தன் இருந்தான். பொண்டாட்டி ஓட்டை மாத்துடான்னு பதினோரு நாள் கெஞ்சினா. இந்த ஒரு வாய் குடிச்சிட்டு எந்திரிக்கறேன்னான். பாசி பிடிச்சும் எந்திரிக்கல. வருஷக் கடைசியில அடுப்புச் சாமி மேலோகம் போய், 'ஐயா, அந்த வீட்டு அடுப்புல நான் நனைஞ்சு சாகறேன்'னு ஒப்பாரி வச்சாரு. மேலோகத்துச் சக்கரவர்த்தி எட்டிப் பார்த்தாரு. உக்காரத்தானே உனக்கு ஆசை, உக்காருன்னு ஒரே சொல். அவ்வளவுதான், கல்லு! பாருங்க, மழை பேஞ்சா இன்னைக்கும் அவன் மூக்குல தண்ணி சொட்டும்."

உண்மையாகவே சொட்டிக்கொண்டிருந்தது. நாத்தனார் சிரித்த சிரிப்பில் தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்தது. "எங்க வீட்டுல இதே மாதிரி ஒண்ணு இருக்கு. நல்லா ஞாபகம் வச்சுக்க, உங்க அண்ணனுக்குச் சொல்லணும்" என்றாள் செவிலி.

அடுத்த வாரத்துக்குள் நாற்பது தெப்பத்திலும் அந்தக் கதை ஓடியது. பெண்கள் புருஷன்களை இழுத்துக்கொண்டு வந்து விரல் நீட்டிக் காட்டினார்கள். தாகுவேய் காதுக்கு அது வந்தது கடைசியில்தான். கடையில் சிகரெட் வாங்கும்போது ஒரு வெளியூர்க்காரர் அவனிடமே சொன்னார். அவனும் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். "என்ன மாதிரி ஆளுங்க இருந்திருக்காங்க!" என்றான். "பதினோரு நாள்" என்ற இடத்தில் சிரிப்பு மெலிந்தது. "ஆகுவேய்" என்ற பெயரை இரண்டாந்தரம் கேட்டபோது சிகரெட்டை வாயில் தலைகீழாக வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தவன் நாற்காலிப் பக்கம் போகவில்லை. ஏணியைச் சாத்தினான், ஏறினான், சாப்பாட்டு நேரத்துக்குள் கூரை முழுவதையும் சரிபண்ணிவிட்டு இறங்கினான்.

"ஆச்சா? இப்ப அந்தக் கதையைத் திரும்ப வாங்கு."

"வாங்கிடறேன்யா" என்றாள் ஜின்மே. அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

ஆனால் எங்கே போய் வாங்குவது? 'அது பொய்ங்க, நான் கட்டினது' என்றால் பயணிகள், 'சும்மா சொல்லுங்க அக்கா' என்றார்கள். அதற்குள் நகரத்துக் கல்லூரியிலிருந்து சோங் என்று ஒருத்தர், நாட்டுப்புறக் கதை சேகரிப்பவர், ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்கினார்.

"சார், இது போன மாசம் நான் கட்டின கதை. கூரை ஒழுகிச்சு, கோவத்துல சொன்னேன்."

அவர் தலையாட்டியபடியே எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தாள். 'கதைசொல்லி மிகுந்த அடக்கம் உடையவர்' என்று இருந்தது.

பக்கத்தில் நின்ற எண்பத்தொரு வயது தாங் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "இந்தக் கதையை எங்க தாத்தா சொல்லி நான் கேட்டிருக்கேன்." அதோடு விடாமல் நாலு வரி பாடியும் காட்டினார்.

"பெரியப்பா! போன மாசம் என் தெப்பத்துல உக்காந்துதானே கேட்டீங்க?"

"கேட்டேன்தான். கேக்கறப்பவே ஏற்கெனவே கேட்ட மாதிரி இருந்துச்சே!"

இலையுதிர் காலத்தில் துறையில் பலகை வைத்தார்கள்: எழுந்திருக்காதவன் மலை, ஐந்நூறு ஆண்டுப் பழங்கதை. ஜின்மே எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசி வரியில் அவன் மனைவி அழுது அழுது ஓடையாகிப் போனாள் என்று போட்டிருந்தது.

"அழுதாளா?" துறையே திரும்பிப் பார்த்தது. "அவ எதுக்கு அழணும்? எவன்யா எழுதினது இதை? அவ ஏணி வச்சு ஏறி, ஓட்டை மாத்திட்டு, கீழ எறங்கிச் சூடா நூடுல்ஸ் சாப்பிட்டா!"

அன்றிலிருந்து கதையைத் திரும்ப வாங்குகிற பேச்சு நின்றது. பலகையில் உள்ளது தப்பு என்று ஒவ்வொரு பயணிக்கும் சொல்லித் திருத்துவதே வேலையாகிவிட்டது.

தாகுவேய்க்கும் ஒரு வழி பிறந்தது. கதையிலுள்ள ஆள் இவன்தான் என்று யாரோ சொல்லப்போக, பயணிகள் அவனோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் கேட்டார்கள். முதலில் முறைத்தான். பிறகு பழைய பனைநார் மழையங்கியையும் மூங்கில் தொப்பியையும் தேடி எடுத்து, மலைக்கு எதிரே கரைப் பாறையில் அதே கூனோடு உட்கார்ந்து பார்த்தான். வேஷம் நன்றாக வந்தது. காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. சிமிட்டுவதைத் தவிர அசைவு கிடையாது. அந்த ஊரில் யாருமே அவன் இவ்வளவு கடுமையாக உழைத்துப் பார்த்ததில்லை.

ஜின்மேயின் தெப்பம் ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தப் பாறையைத் தாண்டும். அவனால் பதில் பேச முடியாது என்பது அவளுக்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது.

"விறகு இல்ல! கேட்டுச்சா? வாத்துக்கூண்டு கதவு கழண்டு கிடக்கு! உன் தங்கச்சி போன் பண்ணினா, நீ எடுக்கலையாம்!"

கரையில் நின்ற கூட்டம் இதையும் நிகழ்ச்சி என்றே நினைத்துக் கை தட்டியது. தாகுவேய் கல்லாகவே இருந்தான். ஒருநாள் மட்டும், தெப்பம் மிக அருகே ஒதுங்கியபோது, தொப்பிக்கு அடியிலிருந்து, உதடு அசையாமல் ஒரு குரல் வந்தது:

"கத்தாத. கதவை காலையிலயே மாட்டிட்டேன்."

ஜின்மேக்குக் கழி கை நழுவியது. ஏறியிருந்த குவாங்சோ தம்பதி அலறினார்கள். அவள் தண்ணீரில் துழாவிக் கழியைப் பிடித்து, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே, தெப்பத்தைத் தடுப்பணைப் பக்கம் திருப்பினாள்.