நான்கு பச்சை விளக்கு

நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து பழைய வீட்டு வண்டி ஒன்று வாங்குவதாகப் பேச்சு. படுக்கை, அடுப்பு, ஹீட்டர், குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வேன். அதற்கு எந்த கேஸ் சிலிண்டர் போடலாம் என்று விசாரித்தபோது, இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் மோர்கம் பக்கத்தில் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே ஆளைக் கைகாட்டினார்கள். "ட்ரெவர் ஆக்டனைப் போய்ப் பாருங்க. சிலிண்டருக்குன்னே தனி ஃபைல் வெச்சிருக்காரு."

கடலைப் பார்த்த ஒரு வயலில் அவருடைய வண்டி நின்றது. சக்கரங்களைச் சுற்றிப் புல் முழங்கால் உயரம். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் ஃபைலை எடுக்கவில்லை. "ஜனவரியில எங்க இருப்பீங்க, தம்பி?" என்று மட்டும் கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான், அதுவும் வேதிப் பொறியியல். சும்மா இருக்க முடியுமா? சிலிண்டரில் இரண்டு வகை வாயு உண்டு, புரொப்பேன் எந்தக் குளிரிலும் ஆவியாகி எரியும், பியூட்டேனோ பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே தண்ணீர் மாதிரி அடியில் கிடந்துவிடும் என்று இரண்டாம் ஆண்டுப் பாடத்தை ஒப்பித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "அந்த அரை டிகிரிதான். பதினாலு மாசம் படிச்சேன், அதை மட்டும் படிக்கலை" என்றார். அதன்பிறகு பல சனிக்கிழமைகளில் அவர் விட்டு விட்டுச் சொன்னதுதான் இது.

ட்ரெவர் லங்காஸ்டர் பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருஷம் கால அட்டவணை போட்டவர். எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிஷம் தாமதிக்கும் என்பதை வண்டி கிளம்பும் முன்பே சொல்லிவிடுவார். மனைவி கிளெண்டா ஃப்ளீட்வுட்டில் மீன் பொதியும் கொட்டகையில் இருபத்தாறு வருஷம் நின்றவர். ஐஸுக்குள்ளிருந்து மீனை எடுத்து எடுத்து அவர் விரல்கள் கெட்டுப்போயிருந்தன. கொஞ்சம் குளிர் பட்டாலும் மெழுகு மாதிரி வெளுக்கும், பிறகு நீலம் பாரிக்கும், மறுபடி சூடு ஏறும்போது ஊசி ஊசியாகக் குத்தும். அந்த நேரத்தில் அவரால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது.

இருவரும் ஓய்வு பெற்றபின், வீட்டை விற்று வண்டி வாங்கலாம் என்றார் ட்ரெவர். குளிர்காலம் முழுக்க ஸ்பெயின், கோடை முழுக்க ஸ்காட்லாந்து. கிளெண்டாவுக்கு வீட்டை விற்க மனசே இல்லை. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சம்மதம் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு. இனிமே எனக்குக் குளிரக் கூடாது. குளிருச்சுன்னா நான் இறங்கிடுவேன்."

"குளிராது கண்ணு."

"சொல்றது சுலபம், ட்ரெவர்."

"எழுதித் தரட்டுமா?"

"உன் எழுத்தை வெச்சு நான் என்ன பண்ண? ஹீட்டர் எரிஞ்சாப் போதும்."

முதல் வருஷம் எல்லாரையும் போலக் கடையில் மாற்றும் சிலிண்டர்தான். காலியைக் கொடுத்து நிரம்பியதை வாங்க வேண்டும். அதில் இரண்டு தொல்லை. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. நாடு விட்டு நாடு போனால் அந்தச் சிலிண்டரை யாரும் வாங்கமாட்டார்கள். ஸ்காட்லாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளெண்டா தலையில் ஷாம்புவோடு நிற்கும்போது கேஸ் தீர்ந்தது. கடை திங்கட்கிழமைதான் திறக்கும். அதுவரை மனைவியின் கைகளைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார் ட்ரெவர். "இதை மறந்துடறேன்" என்றார் கிளெண்டா. "அடுத்ததை மறக்கமாட்டேன்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த ஃபைல். பெட்ரோல் நிலையத்தில் கார்களுக்கு கேஸ் அடிக்கும் பம்பிலேயே நாமே நிரப்பிக்கொள்ளும் சிலிண்டர் இருக்கிறது. வண்டியோடு பொருத்திவிட்டால் கழற்ற வேண்டியதே இல்லை. வெளிப்பக்கம் ஒரு வாய், அதில் குழாயை மாட்டினால் முடிந்தது. பாதி தீர்ந்திருந்தாலும் போகிற வழியில் நிரப்பிக்கொள்ளலாம். எஃகா, எடை குறைந்த நாரிழையா? பெரியது ஒன்றா, நடுத்தரம் இரண்டா? எந்த நாட்டுப் பம்புக்கு எந்தப் பித்தளை முனை? ட்ரெவர் கோடு போட்ட தாளில் கட்டம் கட்டமாக எழுதினார். சந்தித்த வண்டிக்காரர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டார்.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு டான்ஸ் ஹாலுக்கு வெளியில கால் மணி நேரம் யோசிச்ச" என்றார் கிளெண்டா. "சிலிண்டருக்கு ஒரு வருஷமா?"

"அவசரப்பட்டா என்ன ஆகும்னு அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்ல."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்லை. ஒண்ணு புதுசு போடு, ஒண்ணு பழைய சிலிண்டரே இருக்கட்டுமே. ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணு."

அதை ட்ரெவர் கேட்கவில்லை. பாதி பாதி என்பது முடிவெடுக்கத் தெரியாதவன் வேலை என்றார். எல்லாத் தாளையும் படித்தது அவர்தானே. பதினான்காம் மாதம் நிரப்பும் சிலிண்டர்களாகவே இரண்டும் வாங்கிப் பொருத்தினார். பழைய சிவப்பு சிலிண்டரையும் அதன் இணைப்புக் குழாயையும், இடத்தை அடைக்கிறது என்று பக்கத்து வண்டி மால்கமிடம் கொடுத்துவிட்டார்.

படுக்கைக்கு மேலே சுவரில் ஒரு சின்ன அளவுகாட்டி வைத்தார்கள். சிலிண்டர் நிரம்பியிருந்தால் நான்கு பச்சை விளக்கு. கிளெண்டாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தினமும் படுக்கப் போகும்முன் அதைப் பார்த்து, "நாலு" என்று சொல்லிவிட்டுத்தான் போர்வையை இழுப்பார். இரண்டு குளிர்காலம் ஸ்பெயினிலேயே கழிந்தது. ஏப்ரலில் திரும்பினார்கள். ஒரு நாள்கூட அவர் விரல் வெளுக்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ட்ரெவரின் குரல் நிமிர்ந்து உட்காரும்.

பிறகு சட்டம் மாறியது. இங்கிலாந்துக்காரர்கள் அங்கே சேர்ந்தாற்போல் தொண்ணூறு நாள்தான் இருக்கலாம். அக்டோபரில் போனவர்கள் ஜனவரி நடுவில், நல்ல உறைபனிக்குள், திரும்பியாக வேண்டும். ட்ரெவர் அதற்கும் அட்டவணை போட்டார். இங்கிலாந்தில் கேஸ் பம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் கிளம்பும்முன் தெற்கு ஸ்பெயினில் செவில்லுக்கு அந்தப் பக்கம், சட்டையை மடித்துவிட்டுக்கொள்ளும் வெயிலில், இரண்டு சிலிண்டரையும் முட்ட நிரப்பினார். வெயில் ஊரில் கேஸில் பியூட்டேனைத் தாராளமாகக் கலப்பார்கள் என்பது அவர் ஃபைலில் இல்லை.

கப்பலில் போர்ட்ஸ்மத்துக்கு வந்து வடக்கே கிளம்பினார்கள். ஷ்ராப்ஷர் தாண்டும்போது பனி கொட்ட ஆரம்பித்ததால் பகல் மூன்று மணிக்கே ஒரு பண்ணை வயலில் ஒதுங்கினார்கள். வெளியே பூஜ்யத்துக்கு ஏழு டிகிரி கீழே குளிர். ட்ரெவர் ஹீட்டரைப் போட்டார். டிக், டிக், டிக். சிவப்பு விளக்கு. அடுப்பைப் பற்றவைத்தார். ஜுவாலை கட்டைவிரல் நகம் அளவுக்கு எழுந்து, மஞ்சளாகி, படுத்துவிட்டது.

"தீர்ந்துபோச்சா?" என்றார் கிளெண்டா.

ட்ரெவர் சுவரைப் பார்த்தார். நான்கு பச்சை. "முட்ட இருக்கு."

"இருக்குன்னா எரியணும்ல."

அவர் வெளியே போய்ப் பனியில் மல்லாந்து படுத்து வால்வைத் திறந்து மூடினார். இன்னொரு சிலிண்டருக்கு மாற்றினார். குழாயைத் தட்டினார். ஃபைலைப் புரட்டினார். உள்ளே இருந்த கேஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். உள்ளே வந்தபோது கிளெண்டா கோட்டு, கம்பளி எல்லாம் சுற்றிக்கொண்டு கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கையைக் காட்டச் சொன்னார் ட்ரெவர். கிளெண்டா காட்டவில்லை.

பண்ணைக்காரி மேகன் ரப்பர் பூட்ஸோடு வயலைத் தாண்டி வந்தார்.

"எங்க அடிச்ச கேஸ் இது?"

"ஸ்பெயின்ல."

"அட கடவுளே. அது இந்தக் குளிருக்கு எழுந்திருக்காதுங்க. உள்ள தூங்கும். போன வருஷமும் ஒருத்தர் இப்படித்தான் வந்து நின்னாரு." கொட்டகையைக் காட்டினார். "எங்கிட்ட சுத்த புரொப்பேன், ஒரு சிவப்பு சிலிண்டர் சும்மா கிடக்கு. எடுத்து மாட்டிக்கோங்க."

கிளெண்டாதான் பதில் சொன்னார். "மாட்டுற குழாய் மால்கம்கிட்ட இருக்கு."

"எந்த மால்கம்?"

"அதை விடுங்க. உங்க சமையலறையில அடுப்பு எரியுதா?"

கிளெண்டா மேகனோடு போய்விட்டார். வெந்நீர் ஊற்றினால் சிலிண்டர் கொஞ்ச நேரம் விழித்துக்கொள்ளும் என்று மேகன் சொல்லியிருந்தார். ட்ரெவர் அந்தச் சமையலறையிலிருந்து கெட்டில் கெட்டிலாகச் சுமந்தார். வயலைக் கடந்து வரும்போதே பாதிச் சூடு போய்விடும். நான்காவது கெட்டிலில் அடுப்பு நீலமாக நின்று எரிந்தது. ஹீட்டரும் பிடித்துக்கொண்டது. அவர் கெட்டிலை அப்படியே போட்டுவிட்டுப் பனியில் ஓடினார். எழுபது வயதில் ஓடினார்.

"கிளெண்டா, எரியுது. வா, வந்து பாரு."

கிளெண்டா மேகன் வீட்டு மேஜையில் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் அப்போதுதான் சிவந்துகொண்டிருந்தன. ஊசி குத்தும் நேரம் அது, ட்ரெவருக்குத் தெரியும். இருந்தும் கிளெண்டா எழுந்து, பூட்ஸை மாட்டி, கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு வயலைக் கடந்து வந்தார். கதவைத் திறந்தபோது டிக், டிக், டிக் என்று கேட்டது. அடுப்பு அணைந்திருந்தது. சுவரில் நான்கு பச்சை விளக்கு.

கிளெண்டா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எண்ணவில்லை. அந்த இரவு மேகன் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பதினெட்டு மைல் தள்ளி ஒரு பெட்ரோல் நிலையத்தில் பம்பு இருப்பதாகத் தெரிந்து போனார்கள். நல்ல புரொப்பேன். ட்ரெவர் குழாயை மாட்டி பொத்தானை அழுத்தினார். ஒன்றரை லிட்டர் ஏறியது. டக்கென்று நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார். ஏறவில்லை. ஏற்கெனவே நிரம்பிய சிலிண்டரில் எதை ஊற்றுவது? பழைய சிலிண்டர் என்றால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். இது வண்டியோடு பொருத்தியது. எரிந்து தீர்ந்தால்தான் காலியாகும், அதுவோ எரியாது. பொத்தானில் கட்டைவிரலை வைத்தபடி அவர் நின்றுகொண்டே இருந்தார். பின்னால் ஒரு கார்க்காரர், "பெரியவரே, பம்பு என்ன உங்க சொத்தா?" என்றார்.

முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் சூடு அங்கே மட்டும் வந்துகொண்டிருந்தது.

"நிரம்பிடுச்சா?" என்று கேட்டார் கிளெண்டா.

"நிரம்பித்தான் இருக்கு."

"நீயும் அப்படித்தான், ட்ரெவர். எல்லாம் உள்ள இருக்கு. வேணும்கிற நேரத்துக்கு வராது." கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது மாதிரி சொன்னார். "என்னை நார்மா வீட்டுல விட்டுடு."

நார்மா கிளெண்டாவின் தங்கை, லிதமில் இருக்கிறார். மூன்றரை மணி நேரம் ஓட்டினார் ட்ரெவர். வழியில் ஒரு முறை, பனி விலகியதும் சரியாகிவிடும் என்று ஆரம்பித்தார். கிளெண்டா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் ஒரு பெட்டியோடு இறங்கினார். மறுபடி ஏறி வந்து, அலமாரியிலிருந்து தன் கோப்பையை எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும்தான் ட்ரெவருக்கு விஷயம் புரிந்தது.

மோர்கம் வயலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ட்ரெவர் அவருக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதினார். பியூட்டேன், புரொப்பேன், எந்த ஊரில் எவ்வளவு கலவை, எங்கே தவறு நடந்தது, எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு. ஒரு வரிதான் பதில் வந்தது. "காரணம் நான் கேக்கவே இல்லையே."

ஏப்ரல் பிறந்ததும், யாரும் தொடாமலே, அதே கேஸ் எரிந்தது. ஹீட்டரும் முதல் தட்டிலேயே பிடித்தது. ட்ரெவர் உடனே நார்மா வீட்டுக்குப் போன் போட்டார். "கிளெண்டா, எரியுது. தானா எரியுது."

"ஏப்ரல்ல எதுதான் எரியாது" என்றார் கிளெண்டா. பிறகு அவர், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். ட்ரெவர் சாப்பிட்டேன் என்றார். சாப்பிட்டிருக்கவில்லை.

அதன்பிறகு அவர் அந்த அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வயல்காரர் இழுத்துக் கொடுத்த மின்கம்பியில் ஒரு சின்ன ஹீட்டர் ஓடுகிறது. வெயில் நாளில் எரித்தே சிலிண்டரைக் காலி பண்ணிவிட்டு நல்ல கேஸ் நிரப்பலாமே என்று நான் ஒரு முறை கேட்டேன். "யாருக்கு, தம்பி?" என்றார்.

ட்ரெவருக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. வண்டி மோர்கம் வயலை விட்டு அசைந்து மூன்று வருஷம் ஆகிறது, ஸ்பெயின் கேஸ் இரண்டு சிலிண்டரிலும் அப்படியே இருக்கிறது. கிளெண்டா லிதமில் தங்கையோடு, எல்லா அறையிலும் சூடு வரும் வீட்டில் இருக்கிறார். விவாகரத்து எதுவும் ஆகவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரெவர் மூன்று பேருந்து மாறிப் போய் அவரோடு தேநீர் குடித்துவிட்டு, கடைசிப் பேருந்துக்கு முந்தின பேருந்தில் திரும்பிவிடுகிறார். கிளெண்டா வண்டிக்கு வருவதில்லை.