நாரத்தைக்குப் பத்தியம்

அம்மா விதை போட்டு வளர்த்த நாரத்தை அது. தாராவியில் எங்கள் சந்தின் குழாயடியை ஒட்டி, டால்டா டின்னில் நின்றது. சந்தில் யாருக்குக் காய்ச்சலில் வாய் கசந்தாலும், அம்மா உப்பில் ஊறப்போட்ட நாரத்தங்காய்த் துண்டு ஒன்று அந்த வீட்டுக்குப் போகும். அதனால் மரத்தின் மேல் எல்லாருக்கும் உரிமை. எனக்கு வந்த தொல்லை முழுவதும் அந்த உரிமையால் வந்ததுதான்.

நான் மெட்ரிக் படித்த வருஷம் மரத்தின் இலை மஞ்சளாகிக் கொட்டியது. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடியில் ஓடியது. மாட்டுங்காவில் என் பள்ளிக்கூட நூலகத்தில் தோட்டப் புத்தகம் ஒன்றைத் தேடிப் படித்தேன். வேர் டின்னை அடைத்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு வேரை வெட்ட வேண்டும், கிளையையும் அதே அளவு குறைக்க வேண்டும், புது மண்ணில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் புத்தகத்தைத் திறந்து காரணம் கண்டுபிடித்த முதல் ஆள் நான். அந்தத் திமிரை நான் மறைக்கவுமில்லை.

"ஏட்டி, வேர அறுத்தா மரம் பொழைக்குமா?" என்றாள் அம்மா.

"புஸ்தகத்துல போட்டிருக்கும்மா."

"செத்துச்சுன்னா, இனி எதுக்கும் புஸ்தகத்துல போட்டிருக்குன்னு எங்கிட்ட வரப்படாது. காலேசுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தோல் பட்டறையில் அப்பா தோல் அறுக்கும் கத்தியால் டின்னைக் கிழித்தேன். உள்ளே மண் என்று சொல்ல எதுவும் இல்லை. வேர் சுற்றிச் சுற்றி டின்னின் உருவத்திலேயே நின்றது. ஓரத்தைச் சீவி, சுருண்டதைப் பிரித்துவிட்டு, கிளைகளையும் நறுக்கினேன். எண்ணெய் டின் ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஓட்டுச்சில் பரப்பி, மண்ணும் மணலும் எருமைத் தொழுவத்து மக்கிய சாணமும் கலந்து நட்டேன். ஒருமுறை நனைத்தேன். இனி மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர், நிழலில் வைக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. வெட்டிய வேரால் குடிக்க முடியாது. ஈரம் தேங்கினால் அழுகிவிடும். நிழலுக்கு நகர்த்த டின் எனக்குக் கனமாக இருந்தது. அப்பா அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றார்.

மறுநாள் காலை டின்னில் சேறு.

"வாடிக் கெடக்குல்லா, பாவம். ஒரு கை தண்ணிதான் விட்டேன்" என்றாள் எதிர்வீட்டு அத்தை. குழாயில் வரிசை நின்ற இருபது பேரும் ஆளுக்கு ஒரு கை.

நோட்டுத் தாளில் பெரிய எழுத்தில் 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று எழுதி, நூலால் மரத்தில் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்தபோது டின்னில் மஞ்சள் தண்ணீர் நின்றது. தண்டில் குங்குமம்.

"சீட்டு எழுதிக் கெட்டிருக்கியே, பரீச்சைக்கு நேர்ச்சைதானே?" என்றாள் அத்தை. "எல்லாரும் மஞ்சத்தண்ணி விட்டோம். பாஸாயிருவ."

ஊரிலிருந்து வரும் கடிதங்களை அவர்களுக்குப் படித்துச் சொல்வதே நான்தான். அப்படியிருந்தும் அந்தத் தாளைக் கட்டியிருக்கிறேன். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மண்ணில் அழுகல் வாடை வர ஆரம்பித்தது. மிச்சமிருந்த மூன்று இலைகளில் இரண்டு விழுந்தன. வேர், ஈரம், அழுகல் என்று குழாயடியில் நின்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டே ஒருத்தி கையை நனைத்து உதறினாள். நான் கத்திவிட்டேன்.

அம்மா குடத்தோடு வந்தாள். "ஏளா, அது பச்ச உடம்பு. இப்பத்தான் அறுத்துப் போட்டிருக்கு. பிள்ள பெத்தவளுக்குத் தண்ணி குடுப்பியளா?"

அவ்வளவுதான். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஆகாது என்பது அவர்கள் எல்லாரும் இருந்து பார்த்த பத்தியம். அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேராக டின்னைத் தூக்கி எங்கள் சுவரோரம் வைத்தார்கள். காற்றும் வெயிலும் படாமல் பழைய சேலையைக் கட்டினார்கள். நிழல், நிழல் என்று நான்கு நாளாக நான் தொண்டை வறளச் சொன்னது அதைத்தான். ஒருத்தி பிள்ளைப்பேற்று மருந்து உருட்டிக் கொண்டுவந்தாள். டின்னில் போடவிடாமல் அதை வாங்கி நானே தின்றேன். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது.

மூன்றாவது வாரம், வெட்டிய கிளைக்குக் கீழே அரிசி அளவில் ஒரு துளிர். அம்மாவை இழுத்துவந்து காட்டினேன்.

குனிந்து பார்த்தாள். "ஒன் புஸ்தகத்துல பச்ச உடம்புன்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"பின்ன?" குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பியவள், என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "காலேசுக்கு எப்பம் எழுதிப் போடணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு அத்தை தன் கறிவேப்பிலை டின்னைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். "இதுக்கும் பிள்ளப்பேறு பாத்துரு, தாயி."