வலப்பக்கம் ஒதுங்கும் ராஜவேல்

பீங்கான் யானையை டீ டம்ளருக்கு நேரெதிரே நகர்த்திவிட்டு, ராஜவேல் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறார். யானை, எண்ணெய்க் கப்பல். டம்ளர், அவருடைய இழுவைப் படகு. "ரெண்டும் நேருக்கு நேரா வருது, என்னா பண்ணணும்?" என்று தன்னையே கேட்டு, "ரெண்டும் வலது பக்கம் ஒதுங்கணும்" என்று தானே சொல்லி, உதட்டைக் குவித்து ஒரு சின்ன விசில் அடிக்கிறார். ஒரு விசில் என்றால், 'நான் என் வலப்பக்கம் திரும்புகிறேன்' என்று எதிரே வருபவருக்குச் சொல்வது.

யானைக்குத் தும்பிக்கை நுனி கிடையாது. மனைவி அகல்யா வர்ணம் பூசும் பொம்மைக் கம்பெனியில் கழித்துப்போட்டது. மூக்கில்லாத கிளிதான் மீன்பிடிப் படகு.

துபாயில் எட்டு வருடமாகப் படகில் கயிறு இழுக்கிறவருக்குச் சுக்கான் பிடிக்கும் லைசென்ஸ் வேண்டும். இரண்டு முறை தோற்றாயிற்று. போன விடுப்பு முழுக்க ஊர்க் கடைத்தெருவில் சாலை விதிப்படி இடப்பக்கமாகவே ஸ்கூட்டர் ஓட்டிவிட்டுப் போனதில், இதே கேள்விக்குக் கை தானாக இடப்பக்கம் காட்டிவிட்டது. "ரெண்டு படகும் முழுகிடுச்சு, நீங்க கெளம்பலாம்" என்றாராம் தேர்வு அதிகாரி. இந்த முறையும் கோட்டைவிட்டால் கம்பெனி வேறு ஆளை உட்காரவைத்துவிடும். இவருக்குக் கடைசிவரை கயிறுதான்.

அதனால் இந்த விடுப்பில் ஸ்கூட்டரைத் தொடுவதேயில்லை. ஜங்ஷன் நடைமேம்பாலத்தில் எதிரே வருபவர் இடப்பக்கம் ஒதுங்க, இவர் வலப்பக்கம் ஒதுங்க, மார்போடு மார்பு முட்டுகிறது. பக்கத்து வீட்டுப் பழமலைநாதன் விடுவாரா? "ஏம்பா கப்பக்காரரே, மணிமுத்தாத்துல தண்ணியே இல்ல. எந்தக் கப்பலுப்பா வந்து ஒன்ன மோதப்போவுது?"

"எதிர்ல நீதாண்ணே வர்ற. ஒதுங்கு."

வீட்டில் சமையலறை வாசல் குறுகல். தினம் நாலு மோதல்.

"கொழம்பு சட்டியோட வரேன், கண்ணு தெரியலியா ஒங்களுக்கு? இது வூடுங்க, கடலு இல்ல."

"கண்ணு தெரியுது அகல்யா. நீ எந்தப் பக்கம் ஒதுங்குவன்னுதான் தெரியல."

இன்று தேர்வு. சென்னை ரயிலுக்கு அரைமணிதான் இருக்கிறது. பையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, தண்ணீர் பாட்டிலைக் காணாமல் சமையலறைக்கு ஓடுகிறார். உள்ளேயிருந்து அகல்யா, கையில் ஆவி பறக்கும் டிபன் டப்பாவோடு வருகிறார். வாசலில் நேருக்கு நேர். ராஜவேல் அப்படியே நின்றுவிடுகிறார். எந்தப் பக்கம்? இடது கால் முன்னே போகத் துடிக்கிறது.

அகல்யா உதட்டைக் குவிக்கிறார். பாதி காற்றுதான் வருகிறது, ஆனாலும் விசில். ஒரே ஒரு சின்ன விசில். தன் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறார்.