ஃபியூஸ் டிக்கியில் இருந்தால் என்ன?

கார்களுக்குப் பாட்டுக் கருவி பொருத்தும் தொழிலில் பழுது பெரும்பாலும் வண்டியில் இருப்பதில்லை. வண்டியின் உரிமையாளரிடம்தான் இருக்கும். சி.டி.க்கள் கொடிகட்டிப் பறந்த நாட்களில், பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற கையோடு, சேலையூர் கேம்ப் ரோட்டில் என் மகன் வைத்திருந்த கடையை ஆறாண்டுகள் நான் நடத்தினேன். இதே தொழிலில் அல்லற்படும் நண்பர்களே, என் ஸ்ரீதரைப் போல் உங்களுக்கும் ஒருவர் வாய்த்திருப்பார்.

ரகசியப் பேரிரைச்சல்

ஸ்ரீதர் கேளம்பாக்கம் பக்கம் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த பொறியாளர். புது வண்டியோடு வந்தார். கம்பெனி கொடுத்த ஸ்டீரியோவை மாற்றக் கூடாது, அதன் பின்னாலிருந்து ஒயர் எடுத்து டிக்கியில் ஆம்ப்ளிஃபயரும், பேஸ் அடிக்கும் ஊஃபர் ஸ்பீக்கரும் இணைக்க வேண்டும் என்றார். முறையான கோரிக்கைதான், அதற்கென்றே ஒரு சிறு மாற்றிப் பெட்டி உண்டு. ஆனால் ஒரு துளை, ஒரு திருகு, ஒரு கீறல்கூடக் கண்ணில் படக் கூடாதாம். ஷோரூம்காரர் பார்த்தால் வாரண்டி போய்விடுமாம். என்னதான் வேண்டும் என்று கேட்டேன்.

"அடிக்கிற பேஸ் தாம்பரம் வரைக்கும் கேக்கணும் மேடம். ஆனா வெச்சிருக்கிறது யாருக்கும் தெரியக் கூடாது."

ஒரு ரூபாய் அகலம்

ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரை வண்டியின் இரும்புடம்பில் முடுக்க வேண்டும்; அந்த இடத்தில் மின்சாரத்தைத் தடுக்கும் பெயின்ட்டை ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குச் சுரண்டியாக வேண்டும். ஸ்ரீதர் விடவில்லை. பெயின்ட்டின் மேலேயே முடுக்கச் சொன்னார். நானும் அனுமதித்தேன். சில மாணவர்களைத் தேர்வில் தோற்கவிட்டுத்தான் திருத்த வேண்டும்.

மூன்றாம் நாள் வந்து நின்றார். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, பாட்டைவிட உரக்க ஊஃபர் ஊளையிட்டது. கருவியே போலி என்று வாதிட்டார். எங்கள் ஃபிட்டர் ஏழுமலை எர்த் ஒயரைக் கழற்றி, அடியிலிருந்த பெயின்ட்டை உப்புத்தாளால் நான்கு தேய்ப்புத் தேய்த்து மறுபடி முடுக்கினார். ஊளை நின்றது. கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னது:

"பூட்டிக்கீற வூட்டாண்ட நின்னுகினு தண்ணி கேட்டா யாரு சார் குடுப்பா?"

தொடர்சுற்று

அடுத்து அவர் கண்ணை உறுத்தியது ஃபியூஸ். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு ஓடும் ஒயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ் இல்லாமல் என் கடையிலிருந்து எந்த வண்டியும் வெளியேறியதில்லை. பானெட்டைத் திறந்ததும் அது தெரிகிறதே, டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்துவிடலாமே என்றார் ஸ்ரீதர். தொடர்சுற்றில், அதாவது சீரீஸில், ஃபியூஸ் எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்று, இயற்பியல் ஆசிரியையான எனக்கே பாடம் எடுத்தார். அந்த வண்டியில்தான் அவர் மனைவியும் நான்கு வயது மகளும் தினமும் போகிறார்கள் என்று நினைவூட்டினேன். சிரித்தார்.

கோவளத்தில் மீன் வியாபாரம் செய்பவர் ஒருவர் தம் வேனுக்கு ஸ்பீக்கர் வாங்கக் காத்திருந்தார். முன்பு விசைப்படகில் எஞ்சின் பார்த்தவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"நடுவுல ஒயரு உரசிச்சுன்னா, டிக்கியில கீற ஃபியூஸு இன்னா சார் பண்ணும்? வேடிக்கை பாக்கும்."

மேடவாக்கம்

அன்றைக்கு ஃபியூஸ் பேட்டரியருகே இருந்தபடியே வண்டி போயிற்று. ஷோரூமில் முதல் சர்வீசுக்கு விடுவதற்கு முந்தின நாள், அதைத் தம் கையாலேயே கழற்றி டிக்கிக்குக் கொண்டுபோயிருக்கிறார் ஸ்ரீதர். அப்போது இழுத்த இழுப்பில், எஞ்சின் பக்கத் தகட்டுத் துளையில் ஒயருக்கு நாங்கள் போட்டிருந்த ரப்பர் வளையம் கழன்றுவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. வெற்றுத் தகட்டில் உரசி உரசி ஒயரின் தோல் அறுந்தது. மீன் வியாபாரி சொன்னபடியே, ஃபியூஸ் டிக்கியில் நலமாக இருக்க, அதற்கு முன்னாலிருந்த ஒயர் மேடவாக்கம் கூட்டு ரோட்டருகே எரிந்தது.

வண்டியை ஓட்டிவந்தவர் ஸ்ரீதரின் மனைவி காயத்ரி. பின்கதவுக்குக் குழந்தைப் பூட்டு, உள்ளிருந்து திறக்காது. புகைக்குள் இறங்கி, சுற்றி ஓடி, வெளியிலிருந்து திறந்து மகளை இழுத்திருக்கிறார். எதிர்க்கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர் பாய்ந்து வந்து பேட்டரி முனையைப் பிடுங்கியதால் வண்டியும் பிழைத்தது.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு இருவரும் வந்தார்கள். காயத்ரி கருகிய ஒயரைக் கையில் வாங்கி, முனை முதல் முனை வரை விரலால் தடவிப் பார்த்தார். பேட்டரியருகே ஃபியூஸை மறுபடி வைக்கச் சொன்னார். பாட்டு வராவிட்டாலும் பரவாயில்லை என்றார். ஸ்ரீதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொள்கையளவில் தொடர்சுற்று என்பது, என்று தொடங்கினார். மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவை சீரீஸ்னு சொன்னீங்கன்னா, நீங்க பஸ்ல வாங்க. நானும் பாப்பாவும் வண்டியில போறோம்."

மின்சாரம் யாருடைய பட்டத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு வழிவிடுவதில்லை என்பதை, பட்டம் பெறாத மீன் வியாபாரிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.