சந்தேகப் பெயர்

பழனிசெட்டிபட்டியில் மூன்று பேர் மட்டுமே வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனி எங்களுடையது. திராட்சை விவசாயிகளுக்காக ஒரு செயலி எழுதினோம். மழையையும் ஈரத்தையும் பார்த்து, கொடியில் அடிச்சாம்பல் நோய் வரும் போலிருந்தால் அது போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். எச்சரிக்கை வராவிட்டால் மருந்தடிக்க வேண்டியதில்லை.

அதில் ஒரு பகுதி நான் எழுதியது. டைப்ஸ்கிரிப்ட் மொழியில், ஒரு பொருளில் என்னென்ன இருக்கும் என்று சொல்வது மட்டும்தான் இன்டர்ஃபேஸ். பொருளை உண்டாக்குவது கிளாஸ்; அதில் அந்த வேலையைச் செய்யும் பகுதிக்குப் பெயர் ‘கன்ஸ்ட்ரக்டர்’. நானோ இன்டர்ஃபேஸுக்குள் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதிவிட்டேன். பிழை பார்க்கும் கருவி அதன் அடியில் மஞ்சள் கோடு போட்டு, இந்தப் பெயர் இங்கே சந்தேகத்துக்குரியது என்றது. புரோகிராம் ஓடத்தானே செய்கிறது? மேலே ஒரு வரி சேர்த்து அந்தக் கருவியின் வாயை அடைத்தேன்.

அந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன் எல்லாப் பொருளுக்கும் பிறவியிலேயே உண்டு. நான் நினைத்தது ஓடவில்லை, அதுதான் ஓடியது. புதிதாகச் சேர்ந்த தோட்டங்களுக்குக் காலிப் பதிவுகளை உண்டாக்கியது. காலிப் பதிவுக்கு எச்சரிக்கை போகாது.

அப்படிப் புதிதாகச் சேர்ந்த ஓர் அக்கா சுருளிப்பட்டியிலிருந்து போனில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தபோது இலைகளின் அடியெல்லாம் வெள்ளைப் பூசணம். பிஞ்சுகள் கறுத்துச் சுருங்கியிருந்தன.

“எங்க வீட்டுக்காரவுக மருந்தடிச்சிருவோம்னுதேன் சொன்னாக. போன்ல வரலைல்ல, பொறுங்கன்னு நாந்தேன் தடுத்தேன். இப்ப எங்கூடப் பேச மாட்டேங்குறாக.”

“தப்பு என்னுதுக்கா. ஒரு பேரை எழுதக் கூடாத எடத்துல எழுதிட்டேன். கம்ப்யூட்டர் சொல்லுச்சு, நான் கேக்கல.”

“பேரா? யாரு பேரு?”

விளக்கினேன். அவர் கடைசி வரை கேட்டார்.

“எனக்கு வெளங்கல, ஆத்தா. வெளங்கி மட்டும் என்ன ஆகப் போகுது?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கறுத்த கொத்து ஒன்றைக் கிள்ளிக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார்.

அலுவலகம் திரும்பி அதைத் திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இனி அப்படியொரு பெயர் வந்தால் வேலை அங்கேயே நிற்கும்படியும் செய்தேன். மற்றத் தோட்டங்களுக்கு எச்சரிக்கை ஒழுங்காகப் போகிறது.

அடுத்த முறை நான் சுருளிப்பட்டிக்குப் போனபோது திராட்சைப் பந்தலைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வீடு பூட்டியிருந்தது. அந்த அக்கா திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். தனியாகத்தான் போனாராம்.