கவிழ்த்து வைத்த ரெஸ்யூம்

நம் சபையில் மைக்கைப் பிடித்து நான் ஏற்கெனவே ஒரு சாட்சி சொல்லியிருக்கிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆகஸ்டு மாதம், இரண்டாம் ஞாயிறு. ஓசூரில் எனக்கு வேலை கொடுத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன். நீங்கள் எல்லாரும் அல்லேலூயா சொன்னீர்கள். ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தச் சாட்சி பொய். அதைச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சபை மடலில் எழுத முடியும்.

என் பெயர் ஜாஸ்மின். சொந்த ஊர் அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், நாட்றாம்பாளையம். அப்பாவுக்கு ராகி விளைகிற கொல்லை கொஞ்சம், மாடு நாலு. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பி.இ. எலெக்ட்ரானிக்ஸ். பட்டம் வாங்கிய போட்டோவை அப்பா பிரேம் போட்டு இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். இரண்டு படத்துக்கும் சேர்த்து ஒரே சீரியல் பல்பு.

படிப்பு முடிந்து ஒரு வருஷம் வேலை இல்லை. ஓசூரில் ஒரு ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு சிப்காட் தொழிற்பேட்டையில் கேட் கேட்டாக ஏறி இறங்கினேன். செக்யூரிட்டி ரெஸ்யூமை வாங்கி மேசைக்குக் கீழே இருக்கும் அட்டைப் பெட்டியில் போடுவார். பெட்டி நிறைந்தால் என்ன செய்வார்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த ரெஸ்யூமுக்கு வேறு மரியாதை செய்திருக்கவும் முடியாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ரெஸ்யூம் இருக்கும். பெயரையும் போன் நம்பரையும் மாற்றி ஊருக்கே அதைக் கொடுப்பார். நல்ல பெயருள்ள நிறுவனத்தில் சேர்ந்து என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் முதல் வரி. பொழுதுபோக்கு, பாட்டுக் கேட்பது. தெரிந்த மொழிகள், தமிழ், ஆங்கிலம். எனக்கு முன்னால் வாங்கிப் போன யாரோ ஒரு பையனுடைய அப்பா பெயர் என் ரெஸ்யூமில் அப்படியே நின்றுவிட்டது. ஏழு கம்பெனிக்குக் கொடுத்த பிறகுதான் பார்த்தேன். ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. யாரும் வாசிக்கவே இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. நானே வாசிக்காததை அவர்கள் ஏன் வாசிக்கவேண்டும்?

நம் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு, வேலை தேடுகிற பிள்ளைகள் ரெஸ்யூமைக் கொண்டுவந்து பிரசங்க பீடத்தின் அடியில் வைப்போம். போதகர் கை வைத்து ஜெபிப்பார். பதினோரு மாதம் வைத்தேன். ஆண்டவருக்கு ஒரு வேளை உண்டு, பொறுமையாக இரு என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அதைக் கேட்கும்போது பற்றி எரிந்தது. மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் பொறுமையைப் பற்றி நன்றாகப் பேசுவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

கடைசியில், கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர் ஆபீசில் ஒருவர் வழி சொன்னார். வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் லைன் வேலை இருக்கிறது, ஆனால் பி.இ. படித்தவர்களை எடுக்க மாட்டார்கள், ஆறு மாதத்தில் ஓடிவிடுவார்கள் என்று பயம் என்றார்.

"டிகிரியத் தூக்கிடும்மா. பிளஸ் டூ மட்டும் போடு. அஞ்சு வருஷம் என்னா பண்ணேன்னு கேட்டா, வீட்ல மாடு மேய்ச்சேன்னு சொல்லு."

எடுத்துவிட்டேன். இந்த ஊரில் இது புதிதில்லை, எத்தனையோ பிள்ளைகள் செய்வதுதான். ஆனாலும் அந்த மாதம் ரெஸ்யூமைப் பீடத்தடியில் வைக்கும்போது எழுத்து தெரியாமல் கவிழ்த்து வைத்தேன். போதகர் கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் கை வைத்தார். எட்டு நாளில் வேலை கிடைத்தது. அதைத்தான் ஆகஸ்டு மாதம் உங்கள் முன்னால் கர்த்தர் கொடுத்ததாகச் சொன்னேன்.

அப்பாவிடம் இன்ஜினியர் வேலை என்றேன். கம்பெனியில் பிளஸ் டூ. நடுவில் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. லைனில் ஏதாவது பழுது வந்தால் காரணம் எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு நிற்பேன். மாடு மேய்த்தவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டால்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பாடு. தினமும் ஷிப்டுக்குப் போகும்போது கம்பெனி பஸ்ஸில் ஒரே ஜெபம்: ஆண்டவரே, இன்றைக்குப் பிடிபடக் கூடாது. இப்படியும் ஒரு ஜெபம் உண்டா என்று கேட்காதீர்கள். நான் செய்தேன், ஒரு வருஷத்துக்கு மேல் செய்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். எனக்குப் பதினாலு மாதம் ஓடியது. போன வருஷம் செப்டம்பரில் டிரெயினி இன்ஜினியர்கள் நாலு பேரைச் சூப்பர்வைசர் லைன் லைனாகக் கூட்டிவந்து காட்டினார். அதில் ஒருத்தி கவிதா. என் வகுப்பு. காலேஜ் ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில். மூன்று வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய் ஜாஸ்மின், நீயாடி? உன் புராஜெக்டப் பாத்துத்தான நாங்கெல்லாம் பாஸ் ஆனோம்."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் தலையை நிமிர்த்தி,

"நீங்க யாருன்னு தெரியலைங்க மேடம்" என்றேன்.

கவிதாவின் முகம் செத்துப்போனது. அடுத்த லைனுக்கு நடந்தாள். அவள் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதைப் பிறகு தெரிந்துகொண்டேன். சூப்பர்வைசருக்குக் காது இருந்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் எச்.ஆர். ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பொய்த் தகவல் கொடுத்துச் சேர்ந்ததற்காக நிறுத்துகிறோம் என்று ஒரு தாள். ஐடி கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஷிப்ட் முடியும்வரை பஸ் கிடையாது என்பதால் கேட்டுக்கு வெளியே வெயிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வேலை போனதற்கு அழவில்லை. கூடச் சாப்பிட்டவளை யார் என்று தெரியாது என்றேனே, அதற்குத்தான் அழுதேன். என்னைக் காப்பாற்றச் சொல்லித்தானே தினமும் கெஞ்சினேன், ஏன் கைவிட்டீர் என்று ஆண்டவரிடம் சண்டையும் போட்டேன். இரண்டு ஞாயிறு சபைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். பாருங்கள், அதுவும் பொய்.

மூன்றாவது வாரம் முழங்காலில் நின்றபோது கேட்க வேறொன்றும் இல்லை. இனி உண்மையை மட்டும் எழுதுகிறேன், அதற்கு ஒரு வாசல் இருந்தால் திறந்துவிடும், இல்லாவிட்டால் ஊருக்குப் போய் நிஜமாகவே மாடு மேய்க்கிறேன் என்றேன். அழகான ஜெபம் இல்லை. அதில் கோபம்தான் அதிகம்.

எழுந்து முதல் வேலையாகக் கவிதாவுக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் போன் செய்தாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. நான் புதிதாக எழுதிய ரெஸ்யூமை அனுப்பச் சொன்னாள், வாசித்தாள், திட்டினாள்.

"தமிழ், இங்கிலீஷ் மட்டும் போட்டிருக்க. புதுசா வந்த பொண்ணுங்களுக்குக் கன்னடத்துலயும் தெலுங்குலயும் நீதான் வேலை சொல்லிக் குடுத்தியாமே, சூப்பர்வைசரே சொல்றாரு. அத ஏன்டி எழுதல?"

எழுதவேண்டும் என்று தோன்றினால்தானே? எங்கள் ஊரில் கடையில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, வீட்டில் தமிழ். கன்னடம் தெரியும் என்று எழுதுவது சோறு சாப்பிடத் தெரியும் என்று எழுதுவது மாதிரி. கர்நாடகாவில் ஆனேக்கல் பக்கம் இருந்தும் ஆந்திராவில் குப்பம் பக்கம் இருந்தும் வருகிற பிள்ளைகள் சூப்பர்வைசர் சொல்வது புரியாமல் முழிப்பார்கள். நான் அவர்கள் பேச்சில் சொல்லிக் கொடுப்பேன். அதை ஒரு வேலையாகவே நான் எண்ணவில்லை. இருப்பதை மறைக்கவும் இல்லாததைச் சொல்லவும் தெரிந்த எனக்கு, கையில் இருந்ததை எழுதத் தெரியவில்லை. யாரை நான் தெரியாது என்றேனோ அவள் வாயிலிருந்துதான் அது வரவேண்டியிருந்தது.

மறுபடி எழுதினேன். ஒரே பக்கம். அந்த நல்ல பெயருள்ள நிறுவனத்தை வெட்டினேன். பாட்டுக் கேட்பதையும் வெட்டினேன். காலேஜ் புராஜெக்டில் நான் என் கையால் என்ன செய்தேன், அது ஓடியதா இல்லையா என்று நாலு வரி. நாலு மொழி. பதினாலு மாதம் லைன் வேலை, இருபத்திரண்டு பெண்களுக்கு வேலை பழக்கியது. அதன் கீழே, படிப்பை மறைத்துச் சேர்ந்ததால் நிறுத்தப்பட்டேன் என்றும் எழுதினேன். கடைசி வரி எல்லா ரெஸ்யூமிலும் வேண்டியதில்லை, நேரில் கேட்டால் சொன்னால் போதும் என்று கவிதா சொன்னாள். நான் கேட்கவில்லை. எனக்கு அது தேவையாக இருந்தது.

உண்மை எழுதியதும் வானம் திறந்தது என்று சொன்னால் இரண்டாவது பொய்ச் சாட்சி ஆகிவிடும். முதல் கம்பெனியில் உன் நேர்மையைப் பாராட்டுகிறேன் என்று சொல்லி பைலை மூடினார்கள். இரண்டாவது இடத்தில் கூப்பிடவே இல்லை. மூன்றாவது இடத்தில் அந்த வரியைச் சத்தமாக வாசித்துப் பக்கத்து மேசைக்காரரோடு சேர்ந்து சிரித்தார்கள். பொய்க்கு எட்டு நாளில் வேலை கிடைத்தது. உண்மைக்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்தக் கசப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

ஜனவரியில் நாலாவது கம்பெனி. மேனேஜர் ரெஸ்யூமைக் கடைசி வரிவரை வாசித்தார். ஒரு கம்பெனியில் ஒருவர் அதை முழுதாக வாசித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இனிமேல் எதை மறைப்பாய் என்று கேட்டார்.

"மறைக்கறதுக்கு இனிமே ஒண்ணும் மிச்சமில்லைங்க சார்" என்றேன்.

அவர் எழுந்து என்னை ஷாப் புளோருக்குக் கூட்டிப்போனார். அன்று காலையில் சேர்ந்த இரண்டு கன்னடப் பெண்கள் ஒரு மெஷின் முன்னால் பயந்து நின்றார்கள். இவர்களுக்குச் சொல்லிக் கொடு என்றார். சொல்லிக் கொடுத்தேன். இருபது நிமிஷத்தில் ஒரு பெண் தானாக ஓட்டினாள். அந்த இடத்திலேயே திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். பயிற்சிப் பிரிவில் உதவியாளர். இன்ஜினியர் என்ற பெயர் இல்லை. ஆனால் என் பி.இ. என் பைலில் இருக்கிறது, லைனில் பழுது வந்தால் வாயைத் திறக்கிறேன். இதைத்தான் கேட்டேன். இதைத்தான் கர்த்தர் கொடுத்தார். பிடிபடக் கூடாது என்ற ஜெபத்தைக் கேட்காமல் விட்டாரே, அதற்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன்.

ஊருக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போய்விட்டார். போட்டோ அங்கேயே இருக்கிறது. என்னோடு முன்போல் பேச இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதற்கும் ஜெபிக்கிறேன், நீங்களும் ஜெபியுங்கள்.

இதைச் சபை மடலில் எழுதுகிறேன் என்றபோது, புதிதாக வந்தவர்கள் இடறிப்போவார்களே என்று போதகர் தயங்கினார். என் பொய்ச் சாட்சியைக் கேட்டு அவர்கள் இடறவில்லையா என்று கேட்டேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு, எழுதும்மா என்றார்.

வேலை தேடுகிற தம்பிகளே, தங்கைகளே, ஆண்டவரை நம்புங்கள். அவர் உதவுவார், என் வாழ்க்கையில் உதவினார். ஆனால் நீங்கள் எழுதாததை அவர் எழுதித் தர மாட்டார். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் பின்பக்க பெஞ்சில் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன், கவிதாவும் வருகிறேன் என்றிருக்கிறாள். ரெஸ்யூமைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து எழுதுவோம். பிறகு பீடத்தடியில் கொண்டுபோய் வையுங்கள். வைக்கும்போது எழுத்து மேலே தெரிகிற மாதிரி வையுங்கள்.