வில்ஃப்ரிதோவுக்கு நேரமில்லை

பர்ரான்கீயா நகரில் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கும் நூபியாவுக்கு எதையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். புது இஸ்திரிப் பெட்டி வாங்கினால்கூட முதலில் திருப்புளியைத்தான் தேடுவாள். அப்படிப்பட்டவளிடம் டவுன் பஸ் ஓட்டும் தம்பி வில்ஃப்ரிதோ பல வாரங்களாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான்: "பிஸியா இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்." அதுவும் அவளாகப் போன் செய்து பிடித்தால்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் நீல டிக்கோடு அப்படியே கிடந்தது.

அவளுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஒரு வரி தட்டக்கூடவா நேரமிருக்காது? பார்த்தே விடுவோம் என்று ஒரு சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவன் பஸ்ஸில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"எங்கக்கா போற?"

"எங்கயும் இல்ல. நீ எவ்ளோ பிஸின்னு பாக்க வந்தேன். வண்டிய எடு."

மாங்காய்க் கூடையோடு ஏறிய ஒருத்தி, "என்ன டிரைவரே, செக்கிங்க வீட்லேருந்தே கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

வேலை நெருக்கடி உண்மைதான். கொளுத்தும் வெயில், குறுக்கே பாயும் மோட்டார் சைக்கிள்கள், சில்லறைத் தகராறு. 'பையன் பொய் சொல்லலை' என்று நூபியாவுக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றதுமே அவன் போனை எடுத்தான். கால்பந்துக் கூட்டாளிகளுக்கு ஒரு சிரிப்பு எமோஜி, மெக்கானிக்குக்கு ஒரு கட்டைவிரல், யாருக்கோ பிறந்தநாள் கேக். அக்கா பெயருக்கு வந்ததும் விரல் தயங்கியது. தாண்டிப் போய்விட்டது.

"ஏன்டா, என்னை மட்டும் தாண்டிட்ட?" அவள் குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நீ என்ன கேட்டிருக்கன்னு பாரு. 'எப்படி இருக்க, உண்மையச் சொல்லு.' இதுக்கு ஒரு கட்டைவிரலப் போட முடியுமா?"

"நல்லா இருக்கேன்னு போடறது."

"பொய்னு கண்டுபிடிச்சிடுவியே."

ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான். "மர்லேனி என்னை விட்டுட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. திரும்பி வரமாட்டாளாம்."

பக்கத்துக் கடையில் வறுத்த மீனும் தேங்காய்ச் சோறும் வாங்கி அவன் முன்னால் வைத்தாள். அவன் பாதி சாப்பிட்டதும் கேட்டாள்: "அப்ப பிஸிங்கறது பொய்யா?"

"பொய் இல்லக்கா. ஆனா பிஸியா இருக்கறது சௌகரியமா இருந்துச்சு."

"உனக்கு சௌகரியம். நான் அங்க தையல் மெஷின் முன்னாடி உக்காந்துக்கிட்டு, ஆக்ஸிடென்ட், ஆஸ்பத்திரின்னு என்னத்தையெல்லாம் நெனச்சேன் தெரியுமா? 'இப்ப பேச முடியல'ன்னாவது ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல?"

அவன் மீதி மீனை அவள் பக்கம் நகர்த்தினான்.

திங்கட்கிழமை மத்தியானம் அவனிடமிருந்து நீளமாக ஒரு குரல் செய்தி வந்தது. முக்கால்வாசி கியர் பாக்ஸ் தொல்லை. மர்லேனி பெயர் ஒரே ஒரு முறை வந்தது. நூபியா பதில் எழுத உட்கார்ந்தாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். மேசையில் சட்டைகள் குவிந்திருந்தன. ஆனால் விரல் ஓடாததற்குக் காரணம் சட்டைகள் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

கடைசியில் அனுப்பினாள்: "கேட்டுட்டேன்டா. என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருக்கேன்."